கலாசாலை வாயிலில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் சமுதாயச் சான்றோர் ஒருவரின் வரலாறு இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்தபோது, பல பெயர்கள் நம் முன் நின்றன. அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் பாடநூலிலேயே படித்து விடுகின்றனர். ஆகவே, கல்லூரியில் முதன்முதலாகப் பெயர் பதிவு செய்யப் போகும் நம் மாணவர்க்கு மிக நெருங்கியவராக நமக்குத் தோன்றிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களைத் தேர்ந்து கொண்டோம். அவர் பிறந்த மண் நம் சோழவளநாடு அன்று. ஆயினும் அவருடைய குடும்பம் சில காலம் தஞ்சையில் வாழ்ந்திருக்கிறது என்பதை நம்மவருள் பலர் அறியார்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள் அவர் பிறந்தார். 1860 என்பாரும் உளர். இரட்டைமலை என்பது ஊர்ப் பெயரோ பட்டமோ அன்று. அவருடைய தந்தையாரின் பெயர். வறுமையின் காரணமாக அக்குடும்பம் பிறந்த ஊரை விட்டுத் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தது. காவிரிப் படுகையில் நெல்லுக்குக் குறைவில்லை. அந்நெல்லை விளைவித்தவர்களுக்கு மதிப்பு மட்டும் இல்லை. இங்கு நிலவிய சாதிக் கொடுமை தாளாமல் குடும்பம் மீண்டும் புறப்பட்டுக் கோயமுத்தூர் சேர்ந்தது. அங்குதான் சிறுவர் சீனிவாசனுக்குக் கலாசாலை வாயில் திறந்தது.

திறந்த வாயிலுக்குள் அவர் நுழைந்த விதத்தை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள் பயின்றனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்ற அனைவரும் பிராமணப் பிள்ளைகள். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த காலம் அது. யாருடனாவது நட்புக் கொண்டால், வீடு எங்கே, தகப்பனார் யார், என்ன குலம் என்ற கேள்விகள் வரும். அறிந்து கொண்டால் இழிவாக நடத்துவர் என்று அம்மாணவர் அஞ்சினார். ஆகவே வகுப்பு தொடங்கும் முன் மற்றப் பிள்ளைகள் கூடி விளையாடும் இடத்திற்கு அவர் செல்வதில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்து படித்துக் கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பறைக்குள் புகுவார். மாலையில் வகுப்பு கலைந்ததும், உடன் படிப்போர் தம்மை எட்டிப் பிடித்து விடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். கூடி விளையாட முடியாத வருத்தம் அவரை வாட்டியது. இவையெல்லாம் அவர் தம் முதுமையில் எழுதி வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கம் என்னும் சிறு நூலில் காணும் செய்திகள்.

இதனைக் கோழைத்தனம் என்று எவரேனும் கூறுவராயின் நாம் உடன்படோம். தாமதமாக வந்தவர் என்ற பழி வேண்டுமானால் வரட்டும், வகுப்பு மட்டும் தவறக் கூடாது என்று ஓர் இளம் பிள்ளை கணக்கிட்டு நடந்திருக்கிறது. முகவரியைச் சொல்ல அஞ்சிய அந்த அச்சம் நம் தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. இங்கே பண்ணையாள் குடும்பங்களுக்குச் சொல்லிக் கொள்ள ஒரு முகவரியே நெடுங்காலம் இல்லை. குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. வேலையை விட்டால் மனையையும் விட வேண்டும். 1952-ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலையிலிருந்து நினைத்தபோது விரட்டுவதற்கு ஓரளவு தடை போட்டது. குடியிருந்த மனை குடியிருந்தோருக்கே உரியது என்ற நிலை 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் வீட்டு முகவரி என்ற கட்டத்தை இன்று நம் பிள்ளை ஒரு நொடியில் நிரப்பி விடுகிறது. அந்தக் கட்டத்தின் வரலாறு அத்தனை எளியதன்று.

படிப்பை முடித்த சீனிவாசன் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராகப் பத்தாண்டுக் காலம் பணியாற்றினார். அவருடன் பிறந்த தனலட்சுமி அம்மையாரை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர் என்பது குறிப்பிடத்தக்கது. 1887-ல் அரங்கநாயகி அம்மையாரை மணந்த சீனிவாசன், 1890-ல் சென்னைக்கு வந்து பொதுப்பணியில் இறங்கினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பறையர் மகாசன சபை தோன்றியது.

1893 அக்டோபரில் அவர் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. சென்னையில் இரண்டே நாளில் ஏறக்குறைய 400 பிரதிகள் விற்றுப் போயின. கோயமுத்தூரில் உடன் படித்தவர் தொகையும் 400 என்பது தற்செயலே. ஆயினும் அவ்வெண் நம் நெஞ்சில் தைக்கிறது. எந்தப் பெயர் பிறர் காதில் விழுந்து விடுமோ என்று மணி அடிக்கும் வரை வெளியே ஒதுங்கி நின்றாரோ, அதே பெயரைத் தலைப்பில் அச்சிட்டு வீதியில் விற்க வைத்தார். பெயரைக் கூறிக் கொள்ள நாணுகிறவன் உரிமையைக் கேட்க முடியாது என்பது அவர் கருத்து. அயோத்திதாசர் இதில் வேறு கருத்தினர். பிறர் சூட்டிய பெயரை ஏற்கலாகாது, பூர்வ பௌத்தர் என்ற பெயரே நமக்கு உரியது என்றார். மைத்துனர் இருவருக்கும் இடையில் எழுந்த இவ்வழக்கு இன்றும் நம் குடும்பங்களில் தீர்ந்தபாடில்லை. இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்றே நாம் எண்ணுகிறோம்.

திங்கள் இதழாகத் தொடங்கிய அது மூன்று மாதத்தில் வார இதழாயிற்று. அதே 1893-ல் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கோரியது. சீனிவாசன் அதனை எதிர்த்து 3412 பேரின் கையொப்பத்துடன் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பினார். நாட்டுப்பற்று மிக்க இக்காலத்து இளைஞர்க்கு இது வியப்பாக இருக்கலாம். 400 பேரில் தம்மினத்தார் எத்தனை பேர் என்று வகுப்பில் அமர்ந்து எண்ணிப் பார்த்தவர் அவர். தேர்வு இங்கே நடந்தால் எழுதப் போகிறவர் யார், பதவியில் அமர்ந்து ஆளப் போகிறவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கலாசாலை வாயில் எல்லோருக்கும் திறவாமல் தேர்வு வாயிலை மட்டும் அகலமாக்குவது யாருக்கு நன்மை என்பதே அவர் எழுப்பிய வினா.

1900-ல் இலண்டன் செல்லும் நோக்குடன் கப்பலேறியவர் வழியில் தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. பத்திரிகையும் அவ்வாண்டோடு நின்றது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, அங்கு வழக்குரைஞராக இருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக் கொடுத்ததாக அவரே எழுதியுள்ளார். 1921-ல் தாயகம் திரும்பினார்.

1923-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் கொண்டு வந்த தீர்மானம், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம், சந்தை ஆகியவற்றை எச்சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று கூறியது. தீர்மானம் நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையாயிற்று. பள்ளிக்குச் செல்ல முதலில் தெருவில் நடக்க வேண்டும் அன்றோ! அக்கிரகாரத்தைச் சுற்றிக் கொண்டு வயல் வரப்பில் பள்ளிக்குப் போன கதைகளை நம் முதியோர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். ஆணை வந்த உடனே தெருக்கள் திறந்து விடவில்லை என்பதும் அவர்கள் கூறும் சாட்சியமே. எனினும் வாதாட ஓர் எழுத்துக் கிடைத்தது.

1930-லும் 1931-லும் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அவர் அமர்ந்தார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தம்மிடம் கேட்டதையும் தாம் விளக்கியதையும் தம் நூலில் குறித்துள்ளார். 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். அவ்வொப்பந்தம் என்றதும் தனித்தொகுதி, கூட்டுத்தொகுதி என்ற வாதமே பலர் நினைவுக்கு வரும். அதன் இறுதிப் பிரிவாகிய ஒன்பதாவது பிரிவை எவரும் பேசுவதில்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான நிதியிலிருந்து தாழ்த்தப்பட்டோர் கல்விக்குப் போதிய தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்று கூறுவது அப்பிரிவு. கல்விச் சங்கம் நடத்துவோராகிய நாம் அதனை மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும்.

இனி, இம்மலரைக் கையில் ஏந்தியுள்ள மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். மேட்டூர் அணை சூன் 12-ல் திறக்கப்படுவது மரபு. கல்லூரிச் சேர்க்கையும் அதே பருவத்தில் வருகிறது. தாய் தந்தையர் குறுவை நடவில் இருப்பர். சான்றிதழுக்கு அலைய ஆள் இராது. வட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் கோடை விடுமுறையிலேயே விண்ணப்பித்து விடுவது நலம். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருந்து கலந்தாய்வு நாளைத் தவற விட்டவர் உண்டு. சான்றிதழில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். உதவித்தொகை நேரே வங்கிக்கு வருவதால் மாணவர் பெயரிலேயே கணக்கு வேண்டும். பட்டியல் இனத்தார்க்கு இம்மாநிலத்தில் நூற்றுக்குப் பதினெட்டு இடம் உண்டு. அதனுள் மூன்று அருந்ததியருக்கு 2009 முதல் உள்ஒதுக்கீடு. அது சலுகை அன்று. ஒன்பதாவது பிரிவில் கையொப்பமிட்டவர்கள் போராடிய போராட்டத்தின் வழிவந்தது.

முதல் நாள் அறிமுகக் கூட்டத்தில் எந்த ஊர், எந்தத் தெரு என்று பக்கத்து இருக்கை கேட்கும். கும்பகோணமாயினும் மன்னார்குடியாயினும் தஞ்சையாயினும் அக்கேள்வி வரவே செய்யும். என்ன விடை சொல்வது என்று நம் சங்கத்திற்கு வந்து கேட்கும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நாம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மணி அடித்தபின் நுழைந்த மாணவரின் கதையை மட்டும் கூறுகிறோம். அவர் பின்னர் நடத்திய பத்திரிகையின் பெயரையும் கூறுகிறோம்.

1926-ல் ராவ்சாகிப், 1930-ல் ராவ்பகதூர், 1936-ல் திவான் பகதூர் என்று அரசுப் பட்டங்கள் அவரை வந்தடைந்தன. தாழ்த்தப்பட்ட மாணவர் மேற்படிப்புக்கென மைய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1944-ல் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாயுடன் தொடங்கியதைக் காணும் வரை அவர் உயிர் வாழ்ந்தார். 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். சென்னை ஓட்டேரியில் உள்ள அவர் நினைவிடம் உரிமைக்களம் என்று வழங்கப்படுகிறது.