கணித மேதை இராமானுஜமும் உபகாரச் சம்பளமும்

ஆண்டுதோறும் ஆனி மாதம் பிறந்ததும் நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு மாணவர் விண்ணப்பங்கள் வரத் தொடங்குகின்றன. அவற்றுள் பலவற்றில் ஒரே செய்திதான் காணப்படுகின்றது. சர்க்கார் உபகாரச் சம்பளத்துக்கு எழுதியாயிற்று. பணம் இன்னும் வங்கிக் கணக்கில் வந்து சேரவில்லை. அதற்குள் கலாசாலைச் சம்பளம் கட்டும் கெடு நெருங்கிவிட்டது. விடுதிச் சாப்பாட்டுக் கணக்கும் நிலுவையாய் நிற்கின்றது. இவ்விடைக்காலத்தை எவ்வாறு கடப்பது என்று கேட்கும் அப்பிள்ளைகளின் கடிதங்களைப் படிக்குந்தோறும் நமக்குக் கும்பகோணம் இராமானுஜத்தின் சரித்திரமே நினைவுக்கு வருகின்றது. அவருடைய கணித ஆராய்ச்சியின் பெருமையை எழுதியவர் பலர். அதனை அளந்து கூறும் கல்வி நம்மிடம் இல்லை. அவர் உபகாரச் சம்பளத்தை இழந்த நாள் முதல் மீண்டும் ஒன்றைப் பெற்ற நாள் வரையிற் கழிந்த எட்டாண்டுகளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இராமானுஜம் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் தேதி, தம் தாயைப் பெற்றோர் வாழ்ந்த ஈரோட்டிற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதும் குமாஸ்தா. மாதச் சம்பளம் ரூபாய் 20. தாயார் கோமளத்தம்மாள் கோயிற் பஜனையிற் பாடிச் சில ரூபாய் கொண்டு வருவார். அதுவும் போதாமையால், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இடமும் சாப்பாடும் கொடுத்து, அவ்வரும்படியால் குடும்பத்தை நடத்தி வந்தார். இத்தகைய வீட்டிற் பிறந்த பிள்ளை மேற்படிப்புப் படிக்க வேண்டுமாயின் உபகாரச் சம்பளம் அன்றி வேறு வழியில்லை என்பதை வாசகர் எளிதில் உணர்வர்.

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. 1897-இல் நடந்த ஆரம்பப் பரீக்ஷையில் ஜில்லாவில் முதலாவதாகத் தேறினார். 1904-இல் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசு பெற்றார். அவ்வாண்டே கும்பகோணம் அரசினர் கலாசாலையில் எப்.ஏ. வகுப்பில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். ஆனால், அதற்கு முன்னைய ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களை விளக்கம் அதிகமின்றி அடுக்கிய அந்நூல் அவர் மனத்தை முற்றும் கவர்ந்துகொண்டது. ஆங்கில வகுப்பிலும், சரித்திர வகுப்பிலும், உடற்கூற்று வகுப்பிலும் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டார். முடிவில் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தேறவில்லை. 1905-இல் உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது.

கோமளத்தம்மாள் நேரே கலாசாலைத் தலைவரிடம் சென்று வழக்காடினார். கணிதத்தில் நிகரில்லாத பிள்ளைக்கு உதவியை மறுப்பது எவ்வாறு தகும் என்பது அவ்வம்மையாரின் வாதம். தலைவர் மரியாதையாகவே கேட்டார். ஆயினும் விதியை மாற்றவில்லை. ஒரு தவணைக்குக் கலாசாலைச் சம்பளம் ரூபாய் 32. குமாஸ்தாவின் ஒன்றரை மாத ஊதியத்துக்கு மேலாகிய அத்தொகையைக் கட்டுவதற்கு அக்குடும்பத்துக்கு வழி ஏது?

அத்தலைவரைக் குறை கூற நாம் விரும்பவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்னும் விதி எல்லாருக்கும் பொதுவானது. அதனை ஒருவருக்குத் தளர்த்தினால் மற்றொருவர் கேட்பார். நம் நிதியிலும் அத்தகைய விதி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை, மதிப்பெண் பட்டியில் ஒரு பாடம் குறைந்தது என்று நம் குழு ஒத்திவைத்தது. மறு கூட்டம் ஐப்பசியில்தான் கூடிற்று. அதற்குள் அப்பிள்ளை படிப்பை விட்டு ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்துவிட்டான். விதி பிழையன்று, ஆனால் விதியைச் சொல்லிப் பிள்ளையை அனுப்பிய பின், அவன் எங்கே போவான் என்று ஒருவரும் எண்ணாததே பிழை. அன்று அக்கூட்டத்தில் இருந்த நாம் இதனை மறைக்கவில்லை.

இராமானுஜம் எங்கே போனார்? 1905 ஆகஸ்டு மாதத்தில் வீட்டில் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் சென்றார். பெற்றோர் பதறிப் பத்திரிகையில் விளம்பரம் செய்து தேடினர். செப்டம்பரில் மகன் திரும்பினார். ஆயினும் அவ்வாண்டுப் படிப்புப் பாழாயிற்று. அவமானம் தாங்காமல் வீட்டை விட்டு ஓடுவது உதவி இழந்த பிள்ளைகள் பலர் செய்யும் காரியமே. மேதையும் அதற்கு விலக்கல்லர்.

1906-இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் மறுபடியும் சேர்ந்தார். இடையில் நோயுற்று ஊர் திரும்பினார். அவ்வாண்டு எப்.ஏ. பரீக்ஷையிலும், மறு ஆண்டு தாமாகவே எழுதிய பரீக்ஷையிலும் தவறினார். அதனோடு பட்டம் பெறும் நம்பிக்கை ஒழிந்தது. பட்டம் இன்றேல் அக்காலத்தில் நல்ல உத்தியோகமும் இல்லை, உபகாரச் சம்பளமும் இல்லை.

அடுத்த மூன்றாண்டுகளைப் பற்றி நூல்களில் அதிகம் காண்பதில்லை. திண்ணையில் அமர்ந்து கற்பலகையிற் கணக்கிடுவார், முழங்கையாலேயே அழிப்பார், முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். துணியெடுத்துத் துடைத்தால் நேரம் போகும் என்பது ஒரு காரணம். காகிதம் வாங்கப் பணமில்லை என்பது மற்றொரு காரணம். எழுதிய காகிதத்தின் மேலேயே சிவப்பு மையால் மறுபடியும் எழுதியதும் உண்டு. அவருடைய சூத்திரங்களுக்கு நிரூபணம் காணாது உலகத்துக் கணித பண்டிதர்கள் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்ததற்குக் காகித விலையும் ஒரு காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது. பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிப் பிழைக்க முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. பரீக்ஷைக்கு வேண்டியதை விட்டுத் தமக்குத் தோன்றியதையே சொல்லிக்கொண்டு போகும் ஆசிரியரை யார் வைத்துக்கொள்வர்? அண்டை வீட்டார் சிலர் அழைத்துச் சோறிட்டனர். 1909-இல் ஜானகியம்மாளை மணந்தார். அதன்பின் வேண்டியிருந்த சத்திர சிகிச்சைக்குக் குடும்பத்திற் பணமில்லாமற் காத்திருந்து, 1910-இல் ஒரு வைத்தியர் காசு வாங்காமற் செய்ததனால் பிழைத்தார்.

நிற்க. இனி இச்சரித்திரம் திரும்பும் இடத்துக்கு வருகின்றோம். 1910-இல் அவர் தம் நோட்டுப் புத்தகத்தைக் கையிற்கொண்டு, திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயரைக் காணச் சென்றார். இந்தியக் கணித சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவர் இவரே. இராமானுஜம் கேட்டது தாலூகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயருக்கு, இத்தகைய அறிவைத் தாலூகாக் கணக்கிற் புதைக்க மனம் வரவில்லை. சென்னையிலுள்ள தம் நண்பர்களுக்குக் கடிதங் கொடுத்து அனுப்பினார். வேலை கேட்டு வந்தவருக்கு வேலை கொடாதது உதவியா என்று சிலர் வினவலாம். கடிதத்தோடு அனுப்பியதனால் அது உதவியாயிற்று. வெறுங்கையோடு அனுப்பியிருந்தால் வேறாகியிருக்கும்.

அக்கடிதங்களின் வழியே, அவ்வாண்டு டிசம்பரில் நெல்லூர் கலெக்டர் திவான் பகதூர் ஆர். இராமச்சந்திர ராவைக் கண்டார். ராவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சில முறை சந்தித்த பின்னரே நம்பினார். உமக்கு வேண்டுவது யாது என்று கேட்டபோது, ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க வயிற்றுக்கு வேண்டிய அளவு கிடைத்தாற் போதும் என்பதே இராமானுஜத்தின் விடை. ராவ் அவரைச் சென்னையில் இருக்கச் செய்து, மாதந்தோறும் ரூபாய் 25 தம் கைப்பணத்திலிருந்து மணியார்டர் மூலம் அனுப்பி வந்தார். அதற்கு விண்ணப்பமில்லை, குழுவில்லை, மதிப்பெண் பட்டியில்லை. சற்றேறக்குறைய ஓராண்டு அப்பணம் தவறாமல் வந்தது. அவ்வோராண்டில், 1911-இல், அவருடைய முதற் கட்டுரை இந்தியக் கணித சங்கப் பத்திரிகையில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 23.

அப்பணத்தை வாங்க அவருக்கு மனம் இருக்கவில்லை. உபகாரச் சம்பளம் பெற்றுத் தர ராவ் செய்த முயற்சிகள் பலிக்காமற் போகவே, பிறருக்கு நெடுநாள் பாரமாயிருத்தல் ஆகாது என்று தாமே வேலை தேடினார். 1912-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்கவுண்டெண்டு ஜெனரல் ஆபீசில் ரூபாய் 20 சம்பளத்தில் சில வாரங்கள் இருந்தார். பின்னர் மார்ச்சு மாதம் முதல் தேதியில் சென்னைத் துறைமுகத்தில் ரூபாய் 30 சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே மானேஜராயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். இரவில் தம் வீட்டு மாடியில் இராமானுஜத்தோடு கற்பலகையும் கையுமாய் உட்கார்ந்துவிடுவார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரைக்குச் செய்தியை எடுத்துச் சொன்னவரும் அவரே. மேலதிகாரி ஒருவர் தம் குமாஸ்தாவின் கீழ் மாணவர்போல் இருந்து கற்க நாணாமை அரிதினும் அரிது.

1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை ஆசிரியர் ஹார்டிக்கு இராமானுஜம் எழுதிய கடிதத்தை அறியாதார் இலர். அதற்கு முன் வேறிரு பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் பெறவில்லை. ஹார்டி பிப்ரவரியில் விடையளித்தார். இராமானுஜம் அம்மாத இறுதியில் எழுதிய இரண்டாவது கடிதமே நம் கருத்துக்கு முக்கியமானது. அதில் சூத்திரங்களுக்கு நடுவே தம் நிலையை ஒளியாமல் எழுதினார். தாம் அரைப்பட்டினி கிடப்பதையும், மூளையைக் காக்க வேண்டுமாயின் முதலில் வயிற்றைக் காக்க வேண்டியிருப்பதையும், ஹார்டியிடமிருந்து அனுதாபமான ஒரு கடிதம் வருமாயின் அதைக் காட்டிச் சர்வகலாசாலையிலேனும் சர்க்காரிடத்திலேனும் உபகாரச் சம்பளம் பெறக்கூடும் என்பதையும் தெரிவித்தார். 1905-இல் நாணி ரயிலேறிய அவர், 25-ஆம் வயதில், கடல் கடந்த அந்நியரிடம் பசியைப் பசி என்றே எழுதினார். நமக்கு வரும் விண்ணப்பங்களில் இவ்வளவு தெளிவு இருப்பதில்லை. வீட்டு வருமானத்துக்குச் சான்றிதழ் இணைத்திருக்கும். எத்தனை நாள் சாப்பாட்டுக்குப் பணமிருக்கின்றது என்பது இராது. கேட்பதில் இழிவு இல்லை என்று பிள்ளைகளுக்கு நாம்தான் முன்வந்து சொல்ல வேண்டும்.

அப்பால் காரியங்கள் விரைந்தன. வானிலை ஆராய்ச்சித் தலைவர் கில்பர்ட் வாக்கர் துரை சென்னை வந்தபோது இராமானுஜத்தின் தாள்களைக் கண்டு சர்வகலாசாலை ரிஜிஸ்திராருக்கு எழுதினார். கணிதப் பாடக் குழு மார்ச்சு மாதத்திற் கூடி, இரண்டாண்டுகளுக்கு மாதம் ரூபாய் 75 கொடுக்கலாம் எனச் சிபாரிசு செய்தது. அத்தகைய ஆராய்ச்சிச் சம்பளமோ எம்.ஏ. பட்டம் பெற்றவர்க்கே உரியது, இவரோ எப்.ஏ.கூடத் தேறாதவர். சர்வகலாசாலைச் சட்டத்தின் முகவுரையிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பதும் அதன் நோக்கம் என்று கண்டிருப்பதைச் சிண்டிகேட்டில் ஒருவர் எடுத்துக் காட்ட, ஏப்ரலில் தீர்மானம் நிறைவேறியது. விதியை மீறவில்லை, விதியின் முதற்பக்கத்தை வாசித்தார்கள், அவ்வளவே. 1913 மே மாதம் முதல் தேதியிலிருந்து பணம் வந்தது. அதற்கு ஈடாக மூன்று மாதத்துக்கொரு முறை ஆராய்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும். அவரும் கொடுத்து வந்தார்.

1914-இல் இங்கிலாந்து செல்லச் சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுனும், பிரயாணத்துக்கும் உடைக்குமாக 100 பவுனும் அளித்தது. கப்பலேறும் முன்பே, அதிலிருந்து மாதந்தோறும் ஒரு பகுதி கும்பகோணத்துக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தார். பின்பு அங்கே அவர் அடைந்த புகழையும், உற்ற நோயையும், 1918-இல் ராயல் சொசைட்டி அங்கத்தினரானதையும், 1919-இல் தாயகம் திரும்பி 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி தம் 32-ஆம் வயதிற் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்ததையும் விரித்துரையாது விடுகின்றோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தாயகம் திரும்புமுன், ஆண்டுக்கு 250 பவுனாக ஐந்தாண்டுகளுக்குச் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு உதவி வகுத்தது. 1919 ஜனவரி 11-ஆம் தேதி, லண்டனைச் சார்ந்த பட்னியில் நோயாளியாய் இருந்தவர், ரிஜிஸ்திராருக்கு நன்றி கூறி எழுதினார். இத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்று தெரிவித்து, இங்கிலாந்துச் செலவு போக ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குக் கொடுக்கும்படியும், எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும் புத்தகம் வாங்குவதற்கும் செலவிடும்படியும் கேட்டுக்கொண்டார். ஊர் வந்த பின் அதற்கான ஏற்பாடு செய்யலாம் என்பது அவர் எண்ணம். வந்த பின் அவருக்குக் கிடைத்த காலம் ஓராண்டும் சில நாட்களுமே.