வராக நதியைத் தாண்டிய குதிரை

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோவிலுக்குப் போகிறவர்கள், மண்டபத்துத் தூண்களின் முன்னால் சிறிது நேரம் நின்று விடுவார்கள். குதிரை மீது அமர்ந்த வீரர்கள் அங்கே கல்லில் உயிரோடு நிற்கிறார்கள். நாயக்கர் காலத்துச் சிற்பிகளின் கைவண்ணம் அது.

இந்தப் பக்கத்தில் குதிரை வீரன் என்றாலே மக்கள் மனதில் வரும் பெயர் ஒன்று உண்டு. அதுதான் தேசிங்கு ராஜா. தூணில் இருப்பவன் அவன் அல்ல. அவன் பிறப்பதற்கு முன்பே அந்தத் தூண்கள் எழுந்து விட்டன. ஆனாலும் அவனுடைய செஞ்சியும் ஸ்ரீமுஷ்ணமும் ஒரு காலத்தில் ஒரே தென் ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. அவன் கதை இந்த ஊர்களில் எல்லாம் தெருக்கூத்தாகவும் பாட்டாகவும் வாழ்ந்த கதை.

22 வயதில் மறைந்தவன் அவன். ஆண்டதோ சில மாதங்கள். அப்படி இருந்தும் 300 ஆண்டுகளாக மக்கள் அவனை மறக்கவில்லை. ஏன்?

வடக்கே இருந்து வந்த வாலிபன்

தேசிங்கின் உண்மைப் பெயர் தேஜ் சிங். புந்தேல்கண்ட் ராஜபுத்திர வம்சத்தைச் சேர்ந்தவன். அவன் தந்தை சொரூப் சிங்.

செஞ்சிக் கோட்டை பல கைகள் மாறிய கோட்டை. 1677-ல் அதைச் சிவாஜி பிடித்தார். 1698-ல் மொகலாயப் படை கைப்பற்றியது. 1700-ம் ஆண்டு வாக்கில் ஔரங்கசீப் அதைச் சொரூப் சிங்கின் பொறுப்பில் விட்டார். சொரூப் சிங் 1714-ல் காலமானார்.

தந்தை இறந்த செய்தி கேட்டு, இளம் மனைவியுடன் தேசிங்கு செஞ்சிக்கு வந்தான். கோட்டையின் பொறுப்பை ஏற்றான். அவனுக்குத் துணையாக நின்றவன் மோவுத்துக்காரன் என்று மக்கள் அழைக்கும் மகபத்கான். அவன் முஸ்லிம், தேசிங்கு இந்து. ஆனால் இருவரும் உயிருக்கு உயிரான தோழர்கள்.

முரட்டுக் குதிரை

தேசிங்கின் குதிரைக்குப் பாராசாரி என்று பெயர். அது அவன் கைக்கு வந்த விதத்தைக் கதைப்பாடல் சுவையாகச் சொல்கிறது.

டில்லி பாதுஷாவிடம் ஒரு முரட்டுக் குதிரை இருந்தது. யாரும் அதன் மேல் ஏற முடியவில்லை. முயன்று தோற்ற தேசிங்கின் தந்தையைப் பாதுஷா சிறையில் தள்ளினார். செய்தி அறிந்த மகன் டில்லிக்குப் போனான். குதிரையை அடக்கினான். தந்தையை மீட்டான். குதிரையும் அவனுக்கே பரிசாகக் கிடைத்தது. இப்படிப் போகிறது கதை.

இது சரித்திரத்தில் எழுதப்பட்ட செய்தி அல்ல. மக்கள் கட்டிய கதை. ஆனால் குதிரையை அறிந்தவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். குதிரையை அடிமையாக்க முடியாது; நம்ப வைக்கத்தான் முடியும்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. சுற்றிலும் பார்க்கும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. ஒரு வேலியையோ பள்ளத்தையோ தாண்ட வேண்டுமானால், தூரத்திலேயே அதைப் பார்த்து அளவு எடுத்துக் கொள்ள வேண்டும். அதற்காகத் தலையை உயர்த்தும், தாழ்த்தும். அந்த நேரத்தில் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தால் கணக்குத் தப்பிவிடும். குதிரை நின்றுவிடும், அல்லது இடறி விழும்.

ஆகவே, தாண்டும் வித்தை தாண்டும் இடத்தில் இல்லை. நெருங்கிப் போகும் விதத்தில் இருக்கிறது. நேராகப் போக வேண்டும். வேகம் சீராக இருக்க வேண்டும். ஏறியிருப்பவன் எதிரே பார்க்க வேண்டும். அவன் உடம்பில் தயக்கம் வந்தால் குதிரைக்கும் தயக்கம் வந்துவிடும்.

ஐரோப்பாவில் வெகு காலம் வரை, குதிரை தாண்டும்போது வீரர்கள் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்கள். கப்ரில்லி என்ற இத்தாலிய ராணுவ அதிகாரி அது தவறு என்று காட்டினார். முன்னால் சாய்ந்து, குதிரையின் தலைக்கு விடுதலை கொடுக்கச் சொன்னார். 1902-ல் அவர் தமது குதிரையில் 2 மீட்டருக்கு மேல் உயரமான தடையைத் தாண்டினார். 1907-ல் அவர் இறந்ததும் குதிரையிலிருந்து விழுந்துதான். இன்று உலகம் முழுவதும் குதிரை தாண்டும் போட்டிகளில் அவர் காட்டிய வழியே நடைபெறுகிறது.

கப்பமா, போரா?

ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் செஞ்சி மேல் கண் வைத்தார். கப்பப் பணம் பெருந்தொகை பாக்கி இருக்கிறது, கட்டு என்றார். தேசிங்கு மறுத்தான். தன் உரிமை பாதுஷா கொடுத்தது என்று வாதாடினான். நவாப் படை திரட்டிப் புறப்பட்டார்.

நவாபிடம் ஆயிரக்கணக்கான வீரர்கள். தேசிங்கிடம் சில நூறு பேர்தான். பொறுத்திருந்து, கோட்டைக்குள் இருந்தே போரிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. செஞ்சி சாமானியக் கோட்டையா? மொகலாயப் படையையே ஆண்டுக்கணக்கில் காக்க வைத்த கோட்டை. ஆனால் 22 வயது ரத்தம் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை.

மகபத்கானுக்கு அப்போது கல்யாணம் நடந்து கொண்டிருந்ததாம். நண்பனின் ஓலை வந்ததும், மணக்கோலத்தில் இருந்தவன் நீலவேணி என்ற தன் குதிரையில் ஏறிப் புறப்பட்டான் என்று கதைப்பாடல் சொல்கிறது.

வெள்ளம் வந்தது

1714-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி. வழியில் வராக நதியில் வெள்ளம் கரை புரண்டு ஓடியது. சங்கராபரணி என்றும் அதற்குப் பெயர் உண்டு. வெள்ளம் வடியட்டும் என்று வீரர்கள் தயங்கினார்கள். தேசிங்கு தயங்கவில்லை. குதிரையை நேராக நீரில் விட்டான். குதிரை அவனை நம்பியது. வெள்ளத்தை நீந்திக் கடந்து அக்கரை ஏறியது. ஆனால் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஆற்றைத் தாண்டவில்லை. சிறிய படை மேலும் சிறியதாயிற்று.

தேவனூர் அருகே போர் நடந்தது. மகபத்கான் வீழ்ந்தான். தேசிங்கு எதிரிப் படைக்குள் புகுந்து தளபதியின் யானை வரை போனான். அங்கே அவன் குதிரையின் கால்களை வெட்டினார்கள். வெள்ளத்துக்கு அஞ்சாத பாராசாரி தரையில் சாய்ந்தது. தேசிங்கு கீழே நின்று வாளால் போரிட்டான். துப்பாக்கிக் குண்டு பாய்ந்து மாண்டான்.

அவன் உடல் செஞ்சியில் செட்டிக்குளத்தின் கரையில் எரிக்கப்பட்டது. இளம் ராணியும் அதே சிதையில் உயிர் விட்டாள். அந்தக் காலத்தின் கொடிய வழக்கம் அது. வென்ற நவாபே மனம் உருகி, அவள் நினைவாக ஆர்க்காட்டுக்கு எதிரே ராணிப்பேட்டை என்ற ஊரை அமைத்தார் என்பார்கள்.

மறையாத பெயர்

செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் மகபத்கானுக்கும் குதிரைக்கும் சமாதி இருக்கிறது. 1960-ல் தேசிங்கின் கதை எம்.ஜி.ஆர். நடித்த சினிமாவாக வந்தது. 2025-ல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது.

தேசிங்கின் வீரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் குதிரை அறிந்த பாடம் ஒன்று அவனுக்குத் தப்பிவிட்டது. தடையைத் தூரத்திலேயே அளந்து பார்த்து, நிதானமாக நெருங்க வேண்டும் என்பதே அது. ஆற்றின் வேகத்தை அளந்தவன் எதிரியின் பலத்தை அளக்கவில்லை. கூட வந்தவர்கள் கரையிலே நிற்பதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசி மகத்தின்போது பூவராக சுவாமி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அங்கே முஸ்லிம் மக்கள் சுவாமிக்கு மரியாதை செய்கிறார்கள். இது இன்றும் நடக்கிற வழக்கம். தேசிங்கும் மகபத்கானும் போற்றிய நட்பு, இந்த மண்ணில் இப்படித்தான் ஆண்டுதோறும் தழைத்து வருகிறது.