மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்: சொல்லை ஆண்ட ஆசிரியர்

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்ததில்லை. ஆனாலும் அவர்கள் பேச்சில் ஆங்கிலம் கலந்திருந்தது. விடியற்காலையில் பெயர் கொடுக்கக் கூடுவதைப் பெரட்டு என்றார்கள். பரேட் என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படி மாறியது. தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுத்தவரை டிரஸ்ஸர் என்றார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

வேலைக்குக் கூப்பிடும் சொல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சம்பளம் ஏன் குறைந்தது என்று துரையிடம் கேட்கும் ஆங்கிலம் தெரியாது. அவர்களுக்காக ஆங்கிலத்தில் பேச, கடல் கடந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கம் அனுப்பி மலாயாவுக்கு வந்த அவர்தான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி.

சாஸ்திரியார் 1869 செப்டம்பர் 22-ஆம் நாள் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் பிறந்தார். தந்தை வருமானம் குறைந்த புரோகிதர். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் கிடையாது. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடித்துப் பட்டம் பெற்றார். மாயவரத்தில் பள்ளி ஆசிரியராக வேலையைத் தொடங்கியவர், பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். இங்கிலாந்தைப் பார்ப்பதற்கு முன்பே, தமிழ்நாட்டு வகுப்பறைகளில் கற்றும் கற்பித்துமே தம் ஆங்கிலத்தை வளர்த்துக்கொண்டார்.

1907-இல் ஆசிரியர் பணியை விட்டுவிட்டு, கோபால கிருஷ்ண கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். 1921-இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டிலும் அடுத்து வாஷிங்டன் மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். பிரிட்டிஷ் மன்னரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சிலில் உறுப்பினரானதும் அந்த ஆண்டுதான். அதனால் தமிழர்கள் அவரை மகாகனம் என்ற அடைமொழியோடு அழைத்தார்கள். அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்டவர்கள் வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று புகழ்ந்தார்கள்.

ஆங்கிலத்தில் அவருக்கு இருந்த மதிப்பைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். காந்தியடிகளும் அவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். சாஸ்திரியார் பத்து நாள் மூத்தவர். அரசியலில் இருவரும் வெவ்வேறு வழி. ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்கவில்லை. அப்படியிருந்தும் காந்தியின் சத்திய சோதனை ஆங்கில மொழிபெயர்ப்பைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு அவரிடம் போனது. செய்து கொடுத்தவர், தம் பெயரை வெளியிடக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

1927-இல் அவர் தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்கள் மேலே படிக்க வழி மிகக் குறைவு. சாஸ்திரியார் அங்கிருந்த இந்தியர்களிடம் நிதி திரட்டி, டர்பனில் உயர்நிலைக் கல்விக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒரு நிலையத்தை உருவாக்கப் பாடுபட்டார். 1929-இல் திறக்கப்பட்ட அதற்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். அவருக்காகப் பேச நாலு பேர் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச அவர்களே உருவாக வேண்டும் என்பதை அந்தப் பழைய தலைமையாசிரியர் அறிந்திருந்தார்.

மலாயாவுக்கு வந்தபோது அவருக்கு வயது 67. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் தோட்டச் சம்பளம் குறைக்கப்பட்டிருந்த காலம் அது. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் மீண்டும் கொடுக்க வேண்டும் என்றும், கங்காணி மூலம் ஆள் பிடிப்பது நிற்க வேண்டும் என்றும் 1937-இல் வெளியான அவர் அறிக்கை பரிந்துரைத்தது.

ஆனால் அந்த அறிக்கை இங்கிருந்த இந்தியத் தலைவர்களைத் திருப்திப்படுத்தவில்லை. தோட்ட நிலைமை பொதுவாகத் திருப்தி என்ற அதன் போக்கை அவர்கள் குறை கூறினார்கள். சில வாரங்கள் சுற்றிப் பார்த்தவர் எழுதியதற்கும், லயத்தில் குடியிருப்பவர் சொல்ல நினைத்ததற்கும் இடைவெளி இருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கையைத் தாங்களே முன்வைத்தார்கள். சாஸ்திரியார் 1946 ஏப்ரல் 17-ஆம் நாள் காலமானார்.

மாணவர்களே, நமக்காகப் பேசுபவர் எவ்வளவு பெரிய நாவலராக இருந்தாலும், நம் வலி முழுவதும் அவர் சொல்லில் வந்துவிடாது. ஆங்கிலச் சொல்வளம் தேர்வுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேட்கவும், உபகாரச் சம்பளத்துக்கு எழுதவும் அது வேண்டும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்குப் போனபோது நானும் நோட்டுப் புத்தகம் நிறையச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரு மாதத்தில் பாதி மறந்து போயிற்று. பிறகு ஒரு சொல்லுக்கு ஒரு சொந்த வாக்கியம் எழுதத் தொடங்கினேன். அதில் எங்கள் வீடு, எங்கள் பேருந்து, எங்கள் கடைத்தெரு வரும். நாளைக்கு மூன்று சொற்கள்தான். ஆனால் அவை மறக்கவில்லை. வாரக் கடைசியில் அந்தச் சொற்களை வைத்து நண்பர்களிடம் பேசிப் பார்த்ததும் உதவியது.

நீங்கள் இன்றிரவே தொடங்கலாம். பாட்டியிடம் பழைய தோட்டத்துச் சொற்களைக் கேளுங்கள். அவற்றில் எது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று அகராதியில் தேடுங்கள். கிடைத்ததும் அந்த ஆங்கிலச் சொல்லை வைத்துப் பாட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள்.