ஐந்து கினி!

1943! இலண்டனில் பெரியதொரு ஓட்டல். முன்பணம் கட்டி, மனைவி மகளோடு வந்தார் ஒருவர். ஓரிரவு தங்கலாம், பிறகு வேறிடம் பார் என்றனர். குற்றம்? கறுப்புத் தோல்!

யார் அவர்? லியரி கான்ஸ்டன்டைன்! கிரிக்கெட் உலகம் வியந்த வீரர். டிரினிடாடில் 1901-இல் பிறந்தவர், அடிமைகளின் வழிவந்தவர், கொக்கோத் தோட்டக் கங்காணியின் மகன். 1929-இல் இங்கிலாந்தின் நெசவாலை நகரான நெல்சனுக்குச் சம்பள ஆட்டக்காரராகச் சென்றார். முதலில் வெறித்துப் பார்த்தது ஊர். ஒன்பது ஆண்டுகளில் ஏழு முறை லீக் பட்டம் கிடைத்தது; ஊரார் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டனர்.

அவருக்கா அறை இல்லை? வழக்காடினார். 1944-இல் வென்றார். இழப்பீடு ஐந்து கினி! பணம் சிறிது, மானம் பெரிது.

என் மானம் மீண்டது, அதுபோதும் என்று ஓய்ந்தாரா? இல்லை, தோழர்களே! ஐம்பது வயதைத் தாண்டி, 1954-இல் வழக்கறிஞரானார். தாயகம் திரும்பி, மக்கள் தேசிய இயக்கத்தின் அவைத்தலைவரானார். 1956 தேர்தலில் துனாபுனா தொகுதியில் சொற்ப வாக்குகளில் வென்று, பொதுப்பணி அமைச்சரானார்.

1962-இல் நாடு விடுதலை பெற்றது. அறை மறுத்த அதே இலண்டனில் தன் நாட்டின் தூதராக அமர்ந்தார்! 1963-இல் பிரிஸ்டல் நகரப் பஸ்களில் கறுப்பருக்கு வேலை மறுத்தனர். தூதர் வாய்மூடி இருந்தாரா? தொழிலாளர் பக்கம் நின்றார். தம் அரசே முகம் சுளித்தது. 1964-இல் பதவியை விட்டு நீங்கினார்.

1969-இல் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் கறுப்பர் ஆனார். 1971-இல் மறைந்தார்.

புகழ் பலருக்கு வரும். அதைப் பிறர் மானம் காக்கச் செலவிட்டவர் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் அவர்!