இராமானுஜனும் தெருக்கணக்கும்

ஈரோட்டில் 1887-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்றுக் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர். பின்பு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவர் காய் வதக்கிக்கொண்டிருக்கையில், பின்னாளில் நம் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வடிவமைத்த மகலனோபிஸ் ஓர் இதழ்ப் புதிரை வாசித்தார். 1 முதல் வரிசையாக எண்ணிட்ட தெருவில், ஒரு வீட்டுக்கு இருபுறமும் உள்ள எண்களின் கூட்டுத்தொகை சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். 288 வீடுகளில் 204-ஆவது என மகலனோபிஸ் முயன்று கண்டிருந்தார். இராமானுஜனோ, கிளறியபடியே, எல்லா விடைகளையும் தரும் தொடர் பின்னமொன்றைச் சொன்னார். 1920-இல், 32 வயதில் மறைந்தார்.

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு 8 வீட்டுத் தெருவைக் கொடுத்தேன். கூட்டுத்தொடர்ச் சூத்திரத்தை ஒப்பிப்பவரைவிட விரல்விட்டு எண்ணியவரே முந்தினர்: 1 முதல் 5 வரை 15, 7, 8 சேர்ந்தாலும் 15, வீடு 6. இத்தகைய தேடலுக்கு அன்றைய தேர்வு மதிப்பெண் தரவில்லை, இன்றையதும் தருவதில்லை. அடுத்து, 49 வீட்டுத் தெருவைக் கொடுத்திருக்கிறேன்.