சி.வி.ராமன்: ஒளிக்கு முன் ஒலி... ‘பேஸ்’ ரகசியத்தைத் துரத்திய திருச்சிக்காரர்!

ஜெயங்கொண்டத்தில் பத்துக்குப் பத்து அடி அறை. புது ஸ்பீக்கரை மூலையில் வச்சு பாட்டுப் போட்டால், பேஸ் மட்டும் ‘பூம் பூம்’னு காதைக் குடையுது. அறையின் நடுவில் வந்து நின்றால் அதே பேஸ் காணாமல் போகுது. ஸ்பீக்கர் கோளாறா? பெரும்பாலும் இல்லை. கோளாறு அறையில். இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. நோபல் பரிசுக்கு முன்பு, இந்த ஒத்ததிர்வின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் சர் சி.வி.ராமன்.

வீட்டிலேயே வீணை, வயலின்

1888 நவம்பர் 7-ல் திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். ஜெயங்கொண்டம் அடங்கிய உடையார்பாளையம் தாலுகாவும் அன்று அதே திருச்சி மாவட்டம்தான். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். இசையில் ஈடுபாடு கொண்டவர். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பார். மாணவப் பருவத்தில் ராமனை ஆட்டிப்படைத்த புத்தகங்களில் ஒன்று, இசை ஒலி பற்றி ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது.

காலி பாட்டில் வாயில் ஊதினால் ‘ஊம்’ என்று ஒரே சுரம் வரும் இல்லையா? அந்த விதியை விளக்கியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இன்றைக்கு ஸ்பீக்கர் பெட்டியில் பேஸுக்காக ஒரு ஓட்டை விடுகிறார்களே, அதுவும் அதே பாட்டில் வித்தைதான்.

பகலில் கணக்கு, இரவில் வயலின்

1907-ல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம். 19 வயது முடிவதற்குள் கல்கத்தாவில் உயர் அதிகாரி. கைநிறைய சம்பளம், சமூகத்தில் மரியாதை. ஆனால் மனசு ஆய்வகத்தில்தான். ட்ராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஆபீசுக்கு முன் காலையில் அங்கே, ஆபீஸ் முடிந்ததும் இரவு வரை அங்கே. இடையில் ரங்கூன், நாக்பூர் என மாற்றல் வந்தபோதும் ஆராய்ச்சியை விடவில்லை.

அப்போது அவர் பிடித்த சிக்கல்களில் ஒன்று, ‘ஓநாய் சுரம்’. செல்லோ, வயலின் போன்ற கருவிகளில் ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசிக்கும்போது மட்டும் ஒலி நிலையாக நிற்காமல் ஊளையிடும். 1916-ல் ராமன் இதை ஆராய்ந்து எழுதினார். தந்தியின் அதிர்வும் கருவி உடலின் இயல்பான அதிர்வும் ஒரே இடத்தில் வந்து சேரும்போது, தந்தியின் சக்தியை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. வில்லால் சுரத்தைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை.

உங்கள் அறையின் ‘பூம்’ இதற்குத் தூரத்துச் சொந்தம். 10 அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலி கச்சிதமாகப் பொருந்திவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்றும் ஒரே சுரத்தில் சேர்ந்துகொள்ளும். அந்த ஒலி சுவரோரம் உச்சத்தில் இருக்கும், நடுவில் மங்கிப்போகும்.

பாதி சம்பளத்துக்கு ஒரு தாவல்

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி தேடி வந்தது. சம்பளம், அரசு வேலையில் வாங்கியதில் ஏறக்குறைய பாதி. வெளிநாட்டில் பயிற்சி பெற்றுவர வேண்டும் என்ற நிபந்தனை வேறு. போக முடியாது என்று ராமன் பிடிவாதமாக நின்றார், நிபந்தனை தளர்ந்தது. 28 வயதில், பாதுகாப்பான அரசு வேலையை விட்டுவிட்டு வந்தார்.

வயலினை ஆராய ஒரு இயந்திரமே செய்தார். அதில் வில் அசையாது. வயலின்தான் முன்னும் பின்னும் நகரும். மனிதக் கையின் ஏற்றத்தாழ்வு இல்லாமல் அளக்க அதுதான் வழி.

மிருதங்கம் ஏன் இனிக்கிறது?

சாதாரணத் தோல் வாத்தியத்தின் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. அதனால் வெறும் சத்தமாகக் கேட்கும். மிருதங்கமும் தபேலாவும் மட்டும் சுருதியோடு பேசுகின்றனவே, எப்படி? 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எஸ்.குமாருடன் சேர்ந்து ராமன் பதில் சொன்னார். வலந்தலையின் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டம்தான் காரணம். அதன் எடை தோலின் அதிர்வுகளைச் சீராக்கி, மேல்சுரங்களை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருகிறது. இடப்பக்கத் தொப்பியில் ரவைப் பசை ஒட்டினால் ஒலி தாழ்ந்து கனமாகிறது. எடை கூடினால் அதிர்வு குறையும். வூஃபர் கூம்பைக் கனமாகச் செய்வதன் பின்னணியும் இதுவே. நம்ம ஊர் வாத்தியக் கைவினைஞர்கள் கணக்குப் போடாமல், காதால் கேட்டுக் கண்டுபிடித்த அறிவியல் இது.

1921-ல் இங்கிலாந்து போனபோது லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தை ஆராய்ந்தார். வளைந்த சுவரை ஒட்டியே ஒலி ஓடுவதைப் பார்த்தவர், நாடு திரும்பி பீஜப்பூர் கோல்கும்பஸையும் ஆராய்ந்தார். அதே பயணத்தில் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். ஆனாலும் மிருதங்கத்தை மறக்கவில்லை. பெங்களூருக்குப் போன பிறகு, 1934-ல் இந்திய மேளங்கள் பற்றி மீண்டும் விரிவாக எழுதினார். 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார்.

சரி, நம்ம அறைக்கு என்ன செய்யலாம்?

ராமன் ஸ்பீக்கர் எதுவும் செய்யவில்லை. ஆனால் அதிர்வது எது, அதன் இயல்பு என்ன என்று முதலில் பார்க்கும் அவர் வழி இங்கேயும் உதவும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து கொஞ்சம் வெளியே இழுங்கள். மூலையில் இருந்தால் அறையின் எல்லா ஒத்ததிர்வுகளும் கிளம்பும். சுவரில் சாய்ந்தோ, சரியாக நடுவிலோ உட்காராதீர்கள். மெல்லிய ஃபோம், திரைச்சீலை பேஸைத் தடுக்காது. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். மூலைகளில் தடிமனான பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தால் ஓரளவு அடங்கும். புது ஸ்பீக்கருக்குக் காசு போடும் முன், இருப்பதை ஒரு அடி நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது.