மூளைக்கு எண்ணிட்ட மருத்துவர் கோர்பினியன் பிராட்மன்

மூளையின் ஸ்கேன் படங்களை மாதிரி வரைபடத்துடன் இன்று கணினி மென்பொருள்கள் பொருத்துகின்றன. அவ்வாறு அடையாளம் காணும் பகுதிகளுக்கு ஆய்வாளர்கள் இன்னும் வழங்கும் எண்கள், ஜெர்மனி மருத்துவர் கோர்பினியன் பிராட்மன் நூறாண்டுகளுக்கு முன்பு இட்டவை.

1868 நவம்பர் 17-ஆம் தேதி லிகர்ஸ்டோர்ஃப் கிராமத்தில் பிறந்த அவர், 1901-இல் பெர்லினில் ஆஸ்கர் வோக்ட்டின் ஆய்வகத்தில் சேர்ந்தார். மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, செல்களின் அடுக்கமைப்பை நுண்ணோக்கியில் ஒப்பிட்டார். அமைப்பு மாறும் இடத்தை எல்லையாகக் கொண்டார். 1909-இல் வெளியான அவரது நூலில் பெருமூளைப் புறணியின் பகுதி எண்கள் 52 வரை நீண்டன. அவற்றுள் 4 இயக்கத்துக்கும், 17 பார்வைக்கும் உரியவை. சில எண்கள் மனித மூளைக்குப் பொருந்தாதவை.

எனினும், விரிவுரையாளர் தகுதிக்காக அவர் அளித்த ஆய்வேட்டை பெர்லின் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. 1910-இல் டூபிங்கனுக்கும், பின்னர் ஹாலே நகருக்கும் சென்றார். 1917-இல் திருமணம் நடைபெற்றது. மறு ஆண்டு மகள் பிறந்தாள். மியூனிக்கில் எமில் கிரெப்பெலின் நிறுவிய மனநல ஆய்வு நிறுவனத்திலும் பொறுப்பு கிடைத்தது. சில மாதங்களிலேயே, 1918 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, நோய்த்தொற்றால் 49 வயதில் காலமானார்.

மூளையின் மடிப்புகள் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், மென்பொருள் காட்டும் பிராட்மன் எல்லைகள் தோராயமானவையே. துல்லியமான எல்லையை அறிய அவர் நம்பிய நுண்ணோக்கியே இன்றும் தேவைப்படுகிறது.